புகையிலை நஞ்சு: நிக்கொட்டினும் அதன் தாக்கங்களும்

முன்னுரை

இலங்கையின் வட பகுதியிற் புகையிலைச் செய்கை நெடுங்காலமாக நடைபெற்று வருவதாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களில் விளைந்த புகையிலை, ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிக் கமக்காரருக்குப் பெரும் வருவாயை ஈட்டித் தந்தது. இலையை விற்றபின் எஞ்சிய காம்பு, நரம்பு, உதிரி இலை முதலியவற்றை எறிந்துவிடாது, நீரில் ஊறவைத்தோ அவித்தோ எடுத்த கசாயத்தைக் கத்தரி, மிளகாய், பயற்றை முதலிய பயிர்களில் அழுக்கணவனை ஒழிப்பதற்குத் தெளிக்கும் வழக்கமும் அதனோடு கூடவே வளர்ந்தது.

இக்கசாயம் கடையில் வாங்கும் நாசினியன்று, செடியிலிருந்து கிடைப்பது, ஆதலால் மனிதருக்குத் தீங்கு செய்யாது என்னும் எண்ணம் கமக்காரர் பலரிடம் உண்டு. நாசினி தெளிக்கும்போது கையுறை அணிபவரும், புகையிலைக் கசாயத்தை வெறுங் கையாற் கலக்குவர்; அதனைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டு மூலையில் வைப்பர். இவ்வெண்ணம் தவறானது, ஆபத்தும் ஆனது. அழுக்கணவனைக் கொல்லும் பொருளே மனிதனையும் தாக்குகின்றது. அப்பொருள் யாது, அது செடியில் எவ்வாறு உண்டாகின்றது, உயிர்களின் உடலில் என்ன செய்கின்றது, அதனிடமிருந்து தப்புவது எவ்வாறு என்பன ஈண்டு விளக்கப்படுகின்றன.

அற்கலோயிட்டு என்றால் என்ன?

செடிகள் தம் வளர்ச்சிக்கு வேண்டிய மாப்பொருள், புரதம் முதலியவற்றை ஆக்குவதோடு, வேறு பல பொருட்களையும் ஆக்குகின்றன. அவற்றுள் நைதரசனைக் கொண்டனவும், கார இயல்பு உடையனவும், சிறிய அளவிலேயே விலங்குகளின் உடலிற் பெரிய மாற்றத்தை விளைப்பனவுமான ஒரு கூட்டம் அற்கலோயிட்டுக்கள் எனப்படும். இவை பெரும்பாலும் கைப்புச் சுவை உடையவை.

அற்கலோயிட்டுக்கள் கமக்காரருக்குப் புதியனவல்ல. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபேயின் ஓர் அற்கலோயிட்டாகும். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட கொயினாவும், மிளகின் உறைப்புக்குக் காரணமான பைப்பரீனும் அவ்வாறே. எட்டி விதையிலும், ஊமத்தையிலும், கார்த்திகைக் கிழங்கிலும் உள்ள நஞ்சுகளும் இக்கூட்டத்தைச் சேர்ந்தனவே. ஒரே கூட்டத்தில் மருந்தும் உண்டு, நஞ்சும் உண்டு. பல வேளைகளில் ஒரே பொருள் அளவுக்கேற்ப இரண்டுமாய் நிற்கும். ஆகவே செடியிலிருந்து கிடைத்தது என்பதனால் மாத்திரம் ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது.

புகையிலையின் முதன்மையான அற்கலோயிட்டு நிக்கொட்டின் ஆகும். 1560ஆம் ஆண்டளவில் லிஸ்பனில் இருந்து பிரான்சுக்குப் புகையிலையை அனுப்பிய தூதுவர் ஷான் நிக்கோ என்பவரின் பெயரால் இச்செடிக்கும், செடியால் இந்நஞ்சுக்கும் பெயர் வாய்த்தன. 1828ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் பொசல்ற், ரைமான் என்னும் இருவர் இதனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். இதன் மூலக்கூறு ஒன்றில் 10 காபன், 14 ஐதரசன், 2 நைதரசன் அணுக்கள் உள. அற்கலோயிட்டுக்களுட் பெரும்பாலானவை திண்மங்களாய் இருக்க, நிக்கொட்டின் நிறமற்ற எண்ணெய் போன்ற திரவமாகும். காற்றுப் பட்டால் கபில நிறம் அடையும், நீரில் எளிதிற் கரையும், ஆவியாகும், தோலினூடாகவும் உட்புகும். இக்கடைசி இயல்பை நினைவில் வைத்தல் வேண்டும்.

செடியில் நிக்கொட்டின் உண்டாகும் விதம்

இலையிலே நிக்கொட்டின் மிகுந்திருப்பதால் இலையே அதனை ஆக்குகின்றது என எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டோசன் என்னும் அறிஞர், புகையிலை வேரின்மீது தக்காளித் தண்டையும், தக்காளி வேரின்மீது புகையிலைத் தண்டையும் ஒட்டிப் பார்த்தார். புகையிலை வேரில் வளர்ந்த தக்காளியின் இலையில் நிக்கொட்டின் சேர்ந்தது. தக்காளி வேரில் வளர்ந்த புகையிலையின் இலையில் அது மிகச் சொற்பமாகவே இருந்தது. எனவே நிக்கொட்டின் வேரில் ஆக்கப்பட்டு, நீரேறும் குழாய்களின் வழியாக இலைக்குச் செல்கின்றது என்பது தெளிவாயிற்று.

புழு இலையைத் தின்னும்போது, காயம்பட்ட இலையிலிருந்து வேருக்கு ஓர் அறிவிப்புச் செல்ல, வேர் மேலும் நிக்கொட்டினை ஆக்கி அனுப்புகின்றது. நுனிக் குருத்தை முறித்தபின் இலை தடித்துக் காரம் ஏறுவதைக் கமக்காரர் அறிவர். பூவுக்கும் விதைக்கும் போகவேண்டியது இலைக்குப் போவதோடு, நுனி முறிந்ததும் வேரில் நிக்கொட்டின் ஆக்கம் கூடுவதும் அதற்குக் காரணமாகும். செடிக்கு நிக்கொட்டின் ஒரு வேலி. தன்னைத் தின்ன வருவனவற்றைத் தடுப்பதற்கே அது ஆக்கப்படுகின்றது.

எனினும் இவ்வேலி எல்லாவற்றையும் தடுப்பதில்லை. புகையிலையிலும் படைப்புழு மேய்கின்றது, அழுக்கணவனும் குடியேறுகின்றது. கசாயம் பட்டால் மாளும் அழுக்கணவன் புகையிலைச் செடியிலேயே வாழ்வது எவ்வாறு என்று வினவலாம். நிக்கொட்டின் மேலேறுவது நீர்க்குழாய் வழியாக. அழுக்கணவன் தன் ஊசிவாயைச் செலுத்தி உறிஞ்சுவதோ, உணவு செல்லும் குழாயிலிருந்து. ஆதலால் செடியினுள் உள்ள நஞ்சிற் பெரும்பகுதியை அது தவிர்த்துக்கொள்கின்றது. கசாயமாக மேலே தெளிக்கும்போதோ, அதன் உடலின்மீது நேரே பட்டு உட்செல்கின்றது.

கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியனவும் புகையிலையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் நிக்கொட்டின் உண்டு எனக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. 10 கிலோகிராம் கத்தரிக்காயில் உள்ளது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் மாத்திரமே.

நரம்பில் நிகழ்வது

ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்கோ தசைக்கோ செய்தி செல்லும்போது, இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அசற்றைல்கோலின் என்னும் பொருள் கடந்து செல்கின்றது. மறுபுறத்தில் அதனை ஏற்கும் வாங்கிகள் உள. வாங்கியைப் பூட்டு என்று கொண்டால், அசற்றைல்கோலின் அதற்குரிய திறப்பு ஆகும். திறப்புப் பொருந்தியதும் செய்தி செல்லும். உடனே உடல் அத்திறப்பை அழித்துப் பூட்டை மறுபடி ஆயத்தமாக்கும்.

நிக்கொட்டின் இப்பூட்டுக்களுட் சிலவற்றிற்குப் பொருந்தும் கள்ளத் திறப்பாகும். உடல் அதனை அசற்றைல்கோலினை அழிப்பதுபோல் உடனே அழிக்க இயலாது. ஆகவே முதலில் நரம்பு ஓயாது தூண்டப்படுகின்றது. நஞ்சு மிகுமாயின், பின்னர் பூட்டு இறுகிச் செய்தி செல்லாது போகின்றது. முதலில் நடுக்கம், பின்னர் முடக்கம் என்பது இதன் இயல்பு.

அழுக்கணவன் போன்ற பூச்சிகளில் இவ்வாங்கிகள் உடலின் நடு நரம்புத் தொகுதியில் மிகுந்துள்ளன. கசாயம் பட்ட பூச்சி சிறிது நேரத்தில் துடித்து, கால் வழங்காது வீழ்ந்து மடிகின்றது. மனிதனிலோ, இவை மூளையிலும், குடலையும் இதயத்தையும் ஆளும் நரம்புகளிலும், தசைகளிலும் உள. பூட்டு ஒன்றே; ஆகையால் திறப்பும் இருவருக்கும் பொருந்துகின்றது.

மனித உடலில் ஏற்படும் தாக்கங்கள்

சிறிய அளவில் நிக்கொட்டின் நாடித்துடிப்பை விரைவாக்கி, இரத்த அழுத்தத்தைக் கூட்டுகின்றது. புகைத்தவரின் மூளையை அது அரை நிமிடத்துக்குள் அடைந்து, ஒருவகை ஊக்கத்தைத் தருகின்றது. உடலில் உள்ள நிக்கொட்டினில் அரைப்பங்கு ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் ஈரலினால் மாற்றப்பட்டுவிடுவதால், ஊக்கம் குறைய, மறுபடியும் வேண்டும் என்னும் வேட்கை எழுகின்றது. புகையிலைக்கு மனிதன் அடிமையாவது இவ்வழியிலாகும்.

அளவு மிகும்போது குமட்டல், வாந்தி, வாயூறல், வியர்வை, வயிற்றுநோ, தலைச்சுற்று, கைகால் நடுக்கம் என்பன தோன்றும். மேலும் மிகுமாயின் வலிப்பு உண்டாகி, நாடி தளர்ந்து, மூச்சுக்குரிய தசைகள் முடங்குவதால் மரணமும் நேரலாம். பழைய நூல்கள் பல, 60 மில்லிகிராம் உட்கொண்டாலே பெரியவர் இறப்பர் எனக் கூறிவந்தன. 2014இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று அக்கணக்கைச் சோதித்து, உயிராபத்து அரைக் கிராமுக்கு மேலேயே நிகழ்கின்றது எனக் காட்டிற்று. ஆயினும் அதனினும் மிகக் குறைந்த அளவே கடும் நோயை உண்டாக்கும். சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து மேலும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் பீடைகொல்லிகளைத் தரப்படுத்துகையில், நிக்கொட்டினை மிகுந்த தீங்குடைய ‘1ஆ’ வகுப்பில் வைத்துள்ளது.

கசாயப் பானையில் உள்ள நஞ்சு

பதப்படுத்திய புகையிலையில் நிக்கொட்டின் நூற்றுக்கு 1 முதல் 3 வீதம் வரை இருப்பது வழக்கம். சில இனங்களில் இதனினும் மிகும். இலையில் 2 வீதம் உண்டு எனக் கொண்டு, அரைக் கிலோகிராம் இலையை ஒரு பானையில் அவித்தால், அப்பானையில் இருக்கக்கூடிய நிக்கொட்டின் 10 கிராமாகும். அதில் அரைப்பங்கே நீரில் இறங்கியது எனினும், 5 கிராம் எஞ்சும். அது பலர் உயிருக்கு ஆபத்தாகும் அளவு. அக்கசாயத்தில் ஒரு வாய் பருகும் சிறு பிள்ளை பிழைப்பது அரிதாகலாம். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த கசாயம் பிள்ளையின் கண்ணுக்குக் கோப்பியாகவோ பானமாகவோ தோன்றும் என்பதை மறத்தலாகாது.

கசாயத்தின் மற்றொரு குறை, அதன் வலு ஒருபோதும் ஒரே அளவில் இராமையாகும். இலையின் இனம், பருவம், பசளை, பதப்படுத்திய முறை, அவித்த நேரம் ஆகியவற்றுக்கேற்ப அது கூடியும் குறைந்தும் இருக்கும். ஒரு முறை பூச்சிக்கே போதாத கசாயம், மறுமுறை தெளிப்பவரையே வீழ்த்தலாம்.

சவர்க்காரம் சேர்த்தால் கசாயம் நன்கு வேலை செய்யும் என்பதும் கமக்காரர் அறிந்ததே. சவர்க்காரம் கசாயத்தை இலையிற் பரவச் செய்வதோடு, தன் கார இயல்பினால், உப்பாகக் கட்டுண்டிருக்கும் நிக்கொட்டினை விடுவிக்கின்றது. விடுபட்ட நிக்கொட்டின் பூச்சியின் உடலினுள் எளிதிற் செல்லும். அதேபோன்று தெளிப்பவரின் தோலினூடும் எளிதிற் செல்லும். முதுகிற் சுமக்கும் தெளிகருவி ஒழுகிச் சட்டை நனையுமாயின், நனைந்த சட்டையே நஞ்சூட்டும் துணியாகின்றது.

வெற்றிலையுடன் புகையிலை மெல்லுவோர் சுண்ணாம்பு சேர்ப்பதும் இத்தகைய விளைவையே தருகின்றது. சுண்ணாம்பின் காரம் நிக்கொட்டினை விடுவிக்க, அது வாயின் மென்தோலினூடு விரைவாக இரத்தத்திற் கலக்கின்றது. புகையிலையிலுள்ள வேறு பொருட்களும், உடன் மெல்லும் பாக்கும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவன என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது.

பச்சைப் புகையிலை நோய்

புகைக்காதவரும் மெல்லாதவரும், பச்சை இலையைக் கையாளுவதனால் மாத்திரம் நிக்கொட்டின் நஞ்சேறி நோயுறுவதுண்டு. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவிற் புகையிலை வெட்டும் தொழிலாளரிடையே இந்நோய் முதன்முதலாக மருத்துவ ஏடொன்றில் விவரிக்கப்பட்டது. பனியாலோ மழையாலோ நனைந்த இலையிலுள்ள நீரில் நிக்கொட்டின் கரைந்து நிற்கும். அந்நீரின் 100 மில்லிலீற்றரில் 9 மில்லிகிராம் வரை இருக்கலாம் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அதிகாலையில் இலை முறிப்பவரின் உடை முழுதும் நனைவதை எண்ணினால், எவ்வளவு நஞ்சு தோலில் ஊறுகின்றது என்பது விளங்கும்.

தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், வாந்தி, சோர்வு என்பன இந்நோயின் குறிகள். இவை வேலை செய்த 3 முதல் 17 மணித்தியாலத்துக்குள் தோன்றி, ஒன்று முதல் மூன்று நாள் வரை நீடிக்கும். வெயிலின் களைப்பு என்றோ, உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ இதனைத் தவறாகக் கருதுவோர் பலர். புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்வோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

1. பனி உலர்ந்தபின் இலை முறித்தல்.
2. நீள்கைச் சட்டையும், நீர் புகாத கையுறையும் அணிதல். மழையில் வேலை செய்ய நேரின் நீர் புகாத மேலுடை அணிதல்.
3. உடை நனைந்தால் உடனே மாற்றுதல்.
4. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்தல்; அவ்வுடையைத் தனியே துவைத்தல்.
5. கையிற் காயமுள்ளோரும், கர்ப்பிணிகளும், பிள்ளைகளும் பச்சை இலையைக் கையாளாதிருத்தல்.

பயிருக்கும் வயலுக்கும் உண்டாகும் தீங்கு

நிக்கொட்டின் பகை பூச்சி, நட்புப் பூச்சி என வேறுபடுத்தாது. அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டும், பூவில் மகரந்தம் பரப்பும் தேனீயும் கசாயம் பட்டால் மடியும். நெல் வயலிற் கபில நிறத் தத்தியைப் பிடித்துண்ணும் சிலந்திகள் அழிந்துபோனால், தத்தி முன்னிலும் பன்மடங்காகப் பெருகும். எல்லாவற்றையும் கொல்லும் நாசினிகளை நெல்லுக்குத் தெளித்த பின்னரே தத்தியின் பெருக்கம் ஆசிய நாடுகள் பலவற்றிற் கடுமையாயிற்று என்பதை நினைவுகூர்தல் தகும்.

மேலும், புகையிலைச் சித்திரவடிவ நோய்க்குக் காரணமான வைரசு, உலர்ந்த இலையிலும் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்க வல்லது. அது தக்காளியையும் மிளகாயையும் தாக்கும். இலையை அவிக்காது ஊறவைத்து மாத்திரம் எடுத்த கசாயமும், புகையிலை படிந்த கையும் நாற்றுமேடைக்கு இந்நோயைக் கொண்டுசெல்லும். புகையிலையைத் தொட்டவர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாது நாற்றைத் தொடலாகாது.

நிக்கொட்டினும் இக்கால நாசினிகளும்

ஐரோப்பாவிற் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புகையிலைச் சாறு பழமரங்களின் பூச்சிகளுக்குத் தெளிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நூற்றுக்கு 40 வீத நிக்கொட்டின் சல்பேற்று பல நாடுகளில் விற்பனையாயிற்று. அதனாற் பலர் நஞ்சூட்டப்பட்டதும், புதிய நாசினிகள் வந்ததும் அதன் வழக்கொழிவுக்குக் காரணமாயின. அமெரிக்காவில் எஞ்சியிருந்த கடைசி நிக்கொட்டின் நாசினியின் பதிவும் 2014ஆம் ஆண்டுடன் முடிவுற்றது. செடியிலிருந்து வருவதாயினும், அந்நாட்டின் சேதனப் பயிர்ச்செய்கை விதிகள் புகையிலைத் தூளையும் நிக்கொட்டினையும் தடைசெய்துள்ளன.

1991ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்த இமிடாகுளோபிரிட் முதலிய நாசினிகள், நிக்கொட்டின் தாக்கும் அதே வாங்கியையே தாக்குவன. ஆனால் அவை பூச்சியின் வாங்கியில் இறுகப் பற்றி, மனிதனின் வாங்கியிற் குறைவாகவே பற்றுமாறு அமைந்துள்ளன. இவ்வகையில், வீட்டில் அவித்த கசாயத்திலுள்ள நிக்கொட்டின் கடையில் வாங்கும் அந்நாசினியிலும் மனிதனுக்குக் கொடியது. எனினும் அவையும் குறையற்றவையல்ல. தேனீக்களுக்கு ஆபத்தானவை என்பதால் அவற்றுள் மூன்றினை வெளிநிலங்களிற் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடைசெய்தது. இடையறாது பயன்படுத்தியமையால், 2000களில் ஆசிய நாடுகள் பலவற்றிற் கபில நிறத் தத்தி இமிடாகுளோபிரிட்டுக்கு எதிர்ப்பைப் பெற்றது.

கசாயத்துக்குப் பதிலாகச் செய்யத்தக்கவை

அழுக்கணவன் முதலிற் சில செடிகளின் குருத்திலேயே கூடும். வாரம் இருமுறை பயிரைப் பார்வையிட்டு, அத்தகைய குருத்துக்களைக் கிள்ளி அழித்தல் நன்று. யூரியாவை அளவுக்கு மீறி இடுவதனால் இளந்தளிர் பெருகி அழுக்கணவனும் பெருகும். ஆகையால் சிபாரிசு செய்யப்பட்ட அளவையே இடுதல் வேண்டும். விசையாக அடிக்கும் நீரே அழுக்கணவனிற் பெரும்பகுதியை வீழ்த்திவிடும்.

இவை போதாவிடின், வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவிட்டு, துணியால் வடித்து, சிறிதளவு சவர்க்காரம் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறமும் நனையத் தெளிக்கலாம். வெயிலில் இதன் வலு விரைவிற் கெடும் என்பதால் காலையிலோ நண்பகலிலோ தெளித்தல் பயன் தராது. எக்கரைசலையும் முதலிற் சில செடிகளில் தெளித்து, இலை கருகவில்லை என்பதைக் கண்டபின்னரே தோட்டம் முழுவதும் தெளித்தல் வேண்டும். நாசினி வேண்டியிருப்பின், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யப்பட்டதை மாத்திரம், சிட்டையிற் குறித்த அளவிற் பயன்படுத்துக.

நஞ்சேறியவருக்குச் செய்யவேண்டியவை

தோலிற் பட்டதாயின், நனைந்த உடையை உடனே களைந்து, ஏராளமான நீரும் சவர்க்காரமும் கொண்டு உடலைக் கழுவுதல் வேண்டும். கண்ணிற் பட்டதாயின் கால் மணித்தியாலம் நீரினாற் கழுவுக. விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது. வலிப்பு வருமாயின் வாந்தி மூச்சுக்குழாயிற் சென்று அடைக்கும். மயக்கமுற்றவரை ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தி, மூச்சு நிற்காது பார்த்துக்கொள்க. தாமதியாது 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்தோ, கிடைத்த வாகனத்திலோ வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. பட்டது புகையிலைக் கசாயம் என்பதை வைத்தியரிடம் மறையாது கூறுதல் அவசியம். பூச்சிநாசினிகள் பலவற்றின் நஞ்சுக்குறிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், உண்மை தெரிந்தாலே தக்க சிகிச்சை விரைவிற் கிடைக்கும்.

முடிவுரை

புகையிலைச் செடி தன்னைக் காக்கும்பொருட்டு வேரில் ஆக்கிய நஞ்சு, அழுக்கணவனையும் கமக்காரனையும் வேறுபடுத்தி அறியாது. வீட்டில் கசாயம் இருக்குமாயின், அதனை இன்றே பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதவாறு பூட்டி வைத்தல் வேண்டும். கிணற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. இனிமேல் காய்ச்சாதிருத்தலே நன்று. கசாயத்தை அகற்றும் முறை பற்றியும், பயிரிற் பூச்சித் தாக்கம் கண்டவிடத்துச் செய்யத்தக்கவை பற்றியும் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை பெற்றுக்கொள்க.